வான் அக்காவின் நிலைப்படி

இல்லாத கதவைத் திறப்பதில் வான் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. இருக்கிற கதவோடுதான் அவளுக்கு ஒத்துப்போகவில்லை. அந்தக் கதவு விஷயத்தை ஊரில் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள்கூடக் கைவசம் ஒரு கதை வைத்திருக்கிறாள். அந்த வாசலுக்கு நிலைப்படி அடிக்கச் சொன்னவளே நான்தான். பக்கத்தில் நின்று பார்த்தவளும் நான்தான். மற்றவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டால் நான் ஒழுங்காகச் சொல்லி முடிப்பேன்.

என் பேர் கிட். நாடகக் குழுவில் உடைப்பெட்டிக்காரி. நாயகிக்கு நீள்கை அங்கி மாட்டுவது, ராஜாவுக்கு இடுப்புப்பட்டி கட்டுவது, தளபதியின் முதுகில் கொடிகளைச் செருகுவது எல்லாம் என் வேலை. வான் அக்காவின் முழுப்பேர் தாம் பிக்-வான். எங்கள் குழுவில் இரண்டாம் நாயகி. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான், ஆனாலும் மேடையேறியவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டே பழகிவிட்டது.

எங்கள் மேடையில் கதவு என்று ஒன்று கிடையாது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். கதவைத் திறக்க வேண்டுமென்றால் நடிகை இரண்டு விரலால் காற்றில் தாழ்ப்பாளை இழுப்பாள், இரண்டு கையாலும் கதவுகளைப் பிரிப்பாள், நிலைப்படியைத் தாண்டக் காலைக் கொஞ்சம் தூக்கி வைப்பாள். அந்தக் கால் தரையைத் தொடும் நொடியில் மேளக்காரர் மரக்கட்டையில் ஒரு தட்டுத் தட்டுவார். டொக். அவ்வளவுதான், ஜனங்கள் கண்ணுக்கு அங்கே வீடு இருக்கும், வாசல் இருக்கும்.

அந்த டொக் தட்டியவர் யாவ் செக்-லாம். எல்லோருக்கும் லாம் அண்ணன். எங்கள் குழுவில் பாடுகிறவர்கள் மேளத்தின் பின்னால் போவதில்லை, மேளம்தான் அவர்கள் கைகாலின் பின்னால் போகும். ஆகவே அந்த மனுஷனின் கண் எப்போதும் வான் அக்காவின் விரலிலும் பாதத்திலும்தான் இருக்கும். அவர்கள் இரண்டு பேர் கல்யாணத்தன்று பந்தியில் பன்றி இறைச்சியை மென்றுகொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னார், "இன்னிக்குத்தான் இவ மூஞ்சியச் சரியாப் பாக்கறேன். பரவால்ல, நல்லாத்தான் இருக்கு."

வான் அக்கா சும்மா விடுவாளா? "இதுவரைக்கும் காலையா பாத்துக் காதலிச்சீங்க? செருப்புக் கடைக்காரனுக்கு வாக்கப்பட்டிருந்தா இதைவிட மரியாதை கிடைச்சிருக்கும்" என்றாள். பந்தியே சிரித்தது.

அப்புறம் சினிமா வந்தது. சினிமா முன்பே இருந்ததுதான், ஆனால் நாடகத்தையே அப்படியே பிடித்துப் படமாக்க ஆரம்பித்தார்களே, அதைச் சொல்கிறேன். ஹாங்காங்கில் அப்போது ஸ்டூடியோக்காரர்களுக்கு நாடகப்பாட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு வாரத்தில் ஒரு படம் எடுத்து முடித்துவிடுவார்கள். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தியேட்டர் வைத்திருக்கிறவர்கள் படம் தொடங்கும் முன்பே பணம் அனுப்பிவிடுவார்கள். பெரிய நாயகிகள் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு காலையில் ஒரு ஸ்டூடியோ, மத்தியானம் ஒரு ஸ்டூடியோ என்று ஓடினார்கள். ஜனங்களையும் குறை சொல்ல முடியாது. நாடகத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நாயகியைக் கடுகு மாதிரி பார்த்தவர்களுக்கு, பாதிக் காசில் அவள் கண்ணீர் வழிவது வரைக்கும் தெரிந்தால் விடுவார்களா? ஒவ்வொரு நாடகக் கொட்டகையும் சினிமாக் கொட்டகையாக மாறியது. எங்கள் குழுவும் கலைந்தது.

எனக்கு வேலை போகவில்லை. அங்கியைச் சினிமாவிலும் யாராவது மாட்டித்தானே ஆக வேண்டும்? வான் அக்காவுக்கும் தோழி வேஷம் கிடைத்தது. நாயகிக்கு ஓரடி பின்னால் விளக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தோழி. திண்டாடியது லாம் அண்ணன்தான். ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் கையும் காலும் தெரியாமல் மேளம் வாசிக்க அவரால் முடியவில்லை. "குருடன் கல்யாணத்துல மேளம் அடிக்கற மாதிரி இருக்கு" என்று எழுந்து வந்துவிட்டார். மலாயாவில் ஈப்போவில் அவருடைய பெரியப்பா மகன் நூடுல்ஸ் கடை வைத்திருந்தான். அங்கே போகலாம் என்றார். வான் அக்கா வர மாட்டேன் என்றாள்.

அந்தச் சண்டை என் உடைப்பெட்டியின் மேலேயே நடந்தது. ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க இருந்து என்ன பண்ணப் போற? விளக்குத் தூக்கறதுக்கா பாட்டுக் கத்துக்கிட்ட?"

"பாட்டு வரும். பொறுங்க."

"வரட்டும். அந்த ஊர்த் திரையில உன் குரல் கேட்டா நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன். அதுவரைக்கும் நீ உன் விளக்கப் புடிச்சிட்டு நில்லு."

அப்படிச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியவர்தான். இரண்டு பேருக்கும் ரோஷம் மூக்கு நுனியில். அவரும் கூப்பிடவில்லை, இவளும் போகவில்லை. ஆனால் கப்பலில் சமையல் வேலை செய்யும் பியூ என்கிற பையன், எங்கள் தெருக்காரன்தான், ஈப்போ பக்கம் போய்வரும்போதெல்லாம் சேதி கொண்டுவருவான். லாம் அண்ணன் ஒரு நாடகப் படத்தையும் பார்க்காமல் விடுவதில்லையாம். வெளியே வந்ததும், "இந்தப் படத்துல இடது தோள் வந்துது" என்பாராம், "இதுல முதுகு வந்துது" என்பாராம். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாராம். அந்த மௌனம் வான் அக்காவுக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைசியில் பாட்டு வந்தது. எட்டே அடி. கதைப்படி நாயகியின் காதலன் கோபித்துக்கொண்டு பனியில் போய்விடுகிறான். நாயகி வீட்டுக்குள்ளேயே உறைந்து நிற்கிறாள். தோழி கதவைத் திறந்துகொண்டு ஓடி, பாடியபடியே அவனைக் கூப்பிட வேண்டும். தோழியின் முகத்தை நெருக்கத்தில் காட்டப்போகிறோம் என்று டைரக்டர் பூன் தன் வாயாலேயே சொன்னார். வான் அக்கா அன்று எல்லோருக்கும் பால் டீ வாங்கிக் கொடுத்தாள். நாடகக்காரர்களின் தெய்வமான வாகுவோங் சாமிக்கு ஆரஞ்சு வைத்து ஊதுவத்தி கொளுத்தினாள். என் காதருகே வந்து, "மூஞ்சியும் வருது, குரலும் வருதுடி கிட். இனி அந்த மனுஷன் எந்த வாயால பேசுவார்னு பாக்கலாம்" என்றாள்.

பாட்டை முதலில் தனியாகப் பதிவு செய்துவிடுவார்கள். ஷூட்டிங்கில் அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு வாயசைக்க வேண்டும். பதிவில் வான் அக்கா ஒரே மூச்சில் பாடி முடித்தாள். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் தலைக்கு மேல் எப்போதும் விமானம் இரைந்துகொண்டே இருக்கும். அன்று அதுகூட வாயை மூடிக்கொண்டது. மேளக்காரர் வழக்கப்படி கதவுக்கு ஒரு டொக் வைத்தார். டைரக்டர் அதை மட்டும் வேண்டாம் என்றார். "நிஜக் கதவே வைக்கறோம். அதுவே சத்தம் போடும். கட்டைச் சத்தம் எதுக்கு?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நல்ல மனுஷன்தான் அவர், யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை. படம் பார்க்கிறவர்களுக்கு நிஜ வீட்டைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

ஷூட்டிங் அன்று போய்ப் பார்த்தால் நிஜமாகவே கதவு நிற்கிறது. சிவப்புச் சாயம் பூசி, பித்தளை வளையம் வைத்து, அடேயப்பா! வெளியே கிழித்த காகிதமும் இலவம்பஞ்சுமாகப் பனி. கேமரா உள்ளேயிருந்து சக்கர வண்டியில் தோழியின் பின்னாலேயே வாசலைத் தாண்டி வர வேண்டும் என்பதால் வாசலில் நிலைப்படி இல்லை, வெறும் தரை.

முதல் டேக். பாட்டு ஓடியது. வான் அக்கா கதவுக்கு முன்னால் வந்தாள், இரண்டு விரலால் காற்றில் தாழ்ப்பாளை இழுத்தாள், காற்றில் கதவைப் பிரித்தாள், காலைத் தூக்கி வைத்தாள், மூடியிருந்த நிஜக் கதவில் நெற்றியை மோதிக்கொண்டாள். ஸ்டூடியோவே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்காமல் எப்படி இருப்பது? அவளே சிரித்துவிட்டாள்.

இரண்டாவது டேக்கில் நிஜக் கதவைத் திறந்துவிட்டாள். ஆனால் கால்? அது மேடைக் கால் ஆயிற்றே! வெறும் தரையில் ஈரச் சேற்றில் கோழி நடக்கிற மாதிரித் தூக்கி வைத்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஃபிலிம் எவ்வளவு மிச்சம் என்று டைரக்டர் கேமராக்காரரைக் கேட்டார். இன்னும் ஒரு டேக்குக்குத்தான் வரும் என்றார் அவர். நாயகி கம்-லான் வேறு, அடுத்த ஸ்டூடியோவின் கார் வெளியே ஹாரன் அடிப்பதைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள்.

டைரக்டர் வான் அக்காவிடம் வந்து மெதுவாகத்தான் சொன்னார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குரல் பதிவாயிடுச்சு, அது படத்துல இருக்கும். வாயசைக்க மட்டும் மான்-லிய நிக்க வைக்கறேன். சின்னப் பொண்ணு, மேடை ஏறினதில்ல, கால் தகராறு பண்ணாது."

மான்-லி என்பது கன்னத்தில் குழி விழுகிற புதுப் பெண். பாவம், அவளுக்கே சங்கடமாகிவிட்டது. வான் அக்கா, "சரிங்க" என்றாள். தோழியின் இடுப்புப்பட்டியை அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் போட்ட முடிச்சு. இத்தனை வருஷமாக அவள் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்க்கிற முடிச்சு அன்று அவள் விரலுக்கு அகப்படவில்லை. "கிட், இத அவுத்து விடேன்" என்றாள். "அவர் என் குரலக் கேப்பாரு. வேற ஒருத்தி வாயிலேருந்து. பரவால்லடி, ஏதோ ஒண்ணு."

எனக்கு வந்ததே கோபம்! முடிச்சை அவிழ்க்கவில்லை, இன்னும் இறுக்கிக் கட்டினேன். நேரே டைரக்டர் முன்னால் போய் நின்றேன்.

"ஏங்க, நிஜ வீடு நிஜ வீடுங்கறீங்களே, நிலைப்படி இல்லாத பெரிய வீட்ட எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? படி இல்லாத வாசல்ல பேய் நேரா உள்ள வரும், காசு நேரா வெளிய போகும். உங்கம்மா இப்படி ஒரு வீட்டுக்குள்ள காலெடுத்து வைப்பாங்களா?"

"கேமரா வண்டி எப்படிம்மா படியத் தாண்டும்?"

"வண்டிய வெளிய பனியில வையுங்க! அவ உங்களப் பாத்து வரட்டும்! மூஞ்சி வேணும்னுதானே சொன்னீங்க?"

பேய் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் விளக்குக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேமராக்காரர், வெளியே வைத்தால் வெளிச்சமும் சௌகரியம்தான் என்றார். டைரக்டர் கையை விரித்தார். "சரி. சாப்பாட்டு நேரத்துக்குள்ள படி வரட்டும். இதுதான் கடைசி டேக்."

தச்சர் சோய் மாமாவிடம் ஓடினேன். அவர் உப்பு மீனும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் எழுப்பிவிட்டேன். முனகிக்கொண்டே ஒரு பலகையை எடுத்தார். என் தப்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நிலைப்படி அடிக்கச் சொன்னேனே தவிர, மதில் சுவர் எழுப்பச் சொல்லவில்லை. அந்த மனுஷன், "பெரிய வீடுன்னா பெரிய படி" என்று முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வருகிற உயரத்துக்கு அடித்து வைத்துவிட்டார். ஒத்திகை பார்க்க நேரமில்லை, கம்-லானின் கார் இரண்டாம் முறை ஹாரன் அடித்துவிட்டது.

வான் அக்கா வந்து நின்றாள். பாட்டு ஓடியது. நிஜத் தாழ்ப்பாளை இழுத்தாள், நிஜக் கதவைத் திறந்தாள், வாய் பாட்டோடு ஒட்டி அசைந்தது. காலைத் தூக்கினாள். எப்போதும் தூக்குகிற அதே உயரம். மேடை நிலைப்படியின் உயரம்.

கால் பலகையில் இடறியது. பனிக்குள் குப்புற விழுந்தாள். முட்டி தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. பின்னால் கம்-லான், "ஐயோ!" என்று நிஜமாகவே அலறினாள். ஒலிபெருக்கியில் பாட்டு நிற்கவில்லை, மூன்றாம் அடி ஓடிக்கொண்டிருந்தது. வான் அக்கா தலையைத் தூக்கினாள். நாலாம் அடிக்கு வாய் திறந்தாள். ஒரு செருப்பு வாசலிலேயே கிடக்க, கொண்டை ஒரு பக்கம் சரிய, எழுந்திருக்க முடியாமல் முட்டியாலேயே நகர்ந்து, கேமராவைப் பார்த்துக் கையை நீட்டி, எட்டாம் அடி வரைக்கும் ஒரு சொல் தவறாமல் வாயசைத்தாள். டைரக்டர் நிறுத்தச் சொல்லவே இல்லை. சொல்ல மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி எடுக்கலாங்களா?" என்று தரையிலிருந்தே கேட்டாள்.

"ஃபிலிம் இல்லக்கா" என்றார் அவர். "இருந்தாலும் வேணாம்."

முட்டி ஆவியில் வெந்த பன் மாதிரி வீங்கிவிட்டது. என் பெட்டி மேல் உட்காரவைத்து ஈரத்துணி கட்டினேன். அப்போதுதான் அழுதாள், வலிக்காக அல்ல. "ஒரே ஒரு தரம் வாய்ப்பு வந்துது. அந்த மனுஷன் இத்தன நாள் காத்திருந்து, நான் தடுக்கி விழறதையாடி பாக்கணும்? விளக்கு புடிச்சிட்டு நின்னப்பகூட நேராத்தானே நின்னேன்?" எனக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சோய் மாமாவைத் திட்டினோம், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

படம் வெளியானதும் ஊரே அந்த விழுதலைப் பற்றித்தான் பேசியது. தியேட்டரில் பெண்கள் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு அழுதார்கள். "என்னமா விழறா! உசிரக் குடுத்து நடிக்கறா!" மீன்காரி இலவசமாக ஒரு மீன் சேர்த்துப் போட்டாள். மற்ற ஸ்டூடியோக்காரர்களும் கூப்பிட்டார்கள், விழுகிற வேஷத்துக்கு! ஒரு படத்தில் படிக்கட்டிலிருந்து, ஒரு படத்தில் பாலத்திலிருந்து. நான் முட்டிக்குப் பஞ்சுப்பொதி தைத்துக் கொடுத்தேன். எல்லோரும் புகழப் புகழ அவள் சிரிப்பாள். ஆனால் பியூ எப்போது வருவான் என்று துறைமுகப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். படம் ஈப்போவுக்குப் போய்ச் சேர மாசக்கணக்காகும். முட்டி ஆறியது, வீக்கம் வடிந்தது, சேதி வரவில்லை.

ஒரு சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது பியூ வந்தான். கையில் பழைய செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம்.

"படம் பாத்தாரா?" என்றாள் வான் அக்கா. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"பாத்தாரா? அக்கா, நானும்தான் கூடப் போயிருந்தேன், மானம் போச்சு! நீங்க கதவுகிட்ட வந்தீங்களா, இவர் விரல நாற்காலிக் கை மேல வச்சுக்கிட்டார். நீங்க தாழ்ப்பாள இழுத்தீங்க, காலத் தூக்கினீங்க, இவர் சரியா அந்த நேரத்துக்கு டொக்குன்னு ஒரு தட்டு. நீங்க விழுந்தீங்க. அவ்வளவுதான், மனுஷன் எழுந்து நின்னுட்டார். 'வான்! வான்!'னு கத்தறார். பின்னாடி இருக்கறவன் 'உக்காருய்யா, மறைக்குது'ங்கறான். பக்கத்துல ஒரு அம்மா, 'அது நடிப்புய்யா, ஏன்யா பதர்ற'ன்னு சட்டையப் புடிச்சு இழுக்குது. இவர் அந்தம்மாவத் திட்டறார், 'என் பொண்டாட்டி கால் எனக்குத் தெரியாதா? டொக்குக்குக் கால் தரையில வரல. அவ நிஜமாவே விழுந்துட்டா!'ன்னு. எங்களத் தியேட்டர்க்காரன் வெளிய அனுப்பிட்டான்."

வான் அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பாட்டு?" என்றாள். "பாட்டப் பத்தி என்ன சொன்னார்?"

பியூ தலையைச் சொறிந்தான். "அது வந்து... அவர் பாட்டக் கேக்கவே இல்லக்கா. மறுநாளும் போனார், அதுக்கு மறுநாளும் போனார். எந்த முட்டியில அடி பட்டுச்சுன்னு பாத்துட்டே இருந்தேன், பாட்டு எப்ப முடிஞ்சுதுன்னு தெரியலங்கறார். இடது முட்டிதானாம். இதக் குடுத்துட்டு வரச் சொன்னார்."

பொட்டலத்தைப் பிரித்தாள். அடிபட்ட எலும்புக்குத் தேய்க்கிற கறுப்புத் தைலம், பெரிய புட்டி. மூடி கழன்றுவிடாமல் இருக்க மேளத்தோல் இழுத்துக் கட்டுகிற கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது.

"பைத்தியக்கார மனுஷன்" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது, இரண்டும்தான். காற்சட்டையைச் சுருட்டினாள். இடது முட்டி. வீக்கமும் இல்லை, தழும்பும் இல்லை, என்றைக்கோ ஆறிப்போன முட்டி. அதன் மேல் தைலத்தை ஊற்றி உள்ளங்கையால் தேய்த்தாள். வீடு முழுக்கக் காரமான வாடை அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யாருக்குங்க அடி?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான்" என்றாள் வான் அக்கா.

பியூ எழுந்தான். "கப்பல் நாளைக்கே திரும்புதுக்கா. அவருக்கு என்ன சொல்லட்டும்? ஆறிடுச்சுன்னு சொல்லிடவா?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஆறலன்னு சொல்லு" என்றாள். "இன்னும் ரொம்ப வலிக்குதுன்னு சொல்லு."